பசியடக்கும் மூலிகைகளும் எடைக் குறைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் நாட்டு மருந்துக் கடையிலும் இணைய அங்காடிகளிலும் வாங்கும் பசியடக்கி மூலிகைகளைப் பற்றியும், அவற்றை உணவு, நடை, உறக்கம் ஆகியவற்றோடு எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றியும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்திற்கோ தைராய்டுக்கோ தினமும் மாத்திரை சாப்பிடுபவர்கள், "யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?" என்ற கேள்வியின் விடையை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வருவது நல்லது.

பசியடக்கி மூலிகைகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்? அவை எப்படி வேலை செய்கின்றன?

விற்பனையில் இருப்பவற்றை அவை வேலை செய்யும் விதத்தைக் கொண்டு பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெந்தயம், இசப்கோல் உமி, கொன்ஜாக் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் குளுக்கோமன்னன் ஆகியவை நார்ச்சத்து வகையைச் சேர்ந்தவை. இவை நீரை உறிஞ்சிக் கூழாகி, இரைப்பையை ஓரளவு நிரப்பி, உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தைக் குறைக்கின்றன. சிறுகுறிஞ்சான் தனி ரகம். அது வயிற்றில் அல்ல, நாக்கில் வேலை செய்கிறது. குடம்புளி, கள்ளிமுளையான், ஹூடியா, பச்சைத் தேயிலை ஆகியவற்றின் சாறுகள், மூளையின் பசி மையத்தையோ கொழுப்பு உருவாகும் பாதையையோ மாற்றுவதாகச் சொல்லிக் குப்பிகளில் விற்கப்படுகின்றன. நார்ச்சத்து வகையின் செயல் எவருக்கும் விளங்கக்கூடியது, சோதித்தும் பார்க்கப்பட்டது. கடைசியாகச் சொன்ன சாறு வகைக்குத்தான் விளம்பரம் அதிகம். சான்று மெலிந்தும் ஆபத்து மிகுந்தும் இருப்பதும் அங்கேதான்.

சாப்பாட்டை மாற்றாமல் மூலிகையை மட்டும் எடுத்துக்கொண்டால் எடை குறையுமா?

குறையாது என்றே எடுத்துக்கொள்ளலாம். நாம் உண்பதில் கணிசமான பங்கு பசிக்காக உண்ணப்படுவதில்லை என்பதே இதற்குக் காரணம். மாலை டீயோடு வரும் வடை, தொலைக்காட்சி பார்க்கும்போது கை தானாக எடுக்கும் மிக்சர், வீணாகிவிடுமே என்று அம்மாக்கள் வழித்துச் சாப்பிடும் குழந்தையின் மிச்சச் சோறு, விருந்தில் மறுக்க முடியாமல் வாங்கும் இரண்டாவது கரண்டி பாயசம் ஆகிய எதற்கும் வயிற்றுப் பசி காரணமில்லை. பசியை அடக்கும் பொருள் வயிற்றுப் பசியை மட்டுமே தொடும். பழக்கத்தையும் ஆசையையும் அது தொடாது.

உணவின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இருபது பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகைப்பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, வேண்டிய மட்டும் உண்ணச் சொன்னார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் ஆகியவை இரண்டிலும் ஏறக்குறையச் சமம். அப்படியிருந்தும் பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி கூடுதலாக உண்டு, இரண்டே வாரத்தில் சுமார் 0.9 கிலோ எடை ஏறினார்கள். தட்டில் இருப்பது இந்த அளவுக்குப் பசியை ஆட்டுவிக்கும்போது, ஒரு மாத்திரை அதை ஈடுகட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் மூலிகைக்குக் கொடுக்கும் இடம் சிறியது: சாப்பாட்டுக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைச் சமாளிக்க அது உதவலாம். எடையைக் குறைக்கும் வேலை தட்டிலும் காலிலும் படுக்கையிலும்தான் நடக்கிறது.

குடம்புளி மாத்திரை கொழுப்பைக் கரைக்குமா?

கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மீன் குழம்பில் போடும் அதே புளிதான் இது. இலங்கையில் கொறுக்காய்ப்புளி என்று அறியப்படுகிறது. பழத் தோலில் உள்ள ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வகத்திலும் விலங்குகளிலும் கண்டறிந்ததால் இந்த வியாபாரம் பிறந்தது. மனிதர்களில் நிலைமை வேறு. 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான சோதனையில் 135 பேர் பங்கேற்றனர்; ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் இந்த அமிலமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் 12 வாரங்கள் கொடுக்கப்பட்டன. இரு சாராருமே கலோரி குறைந்த உணவை உண்டனர். முடிவில் மருந்து உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோவும், போலி மாத்திரை உண்டவர்கள் 4.1 கிலோவும் இறங்கியிருந்தனர். இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத் தக்கதல்ல. எடையை இறக்கியது உணவுக் கட்டுப்பாடுதான், குடம்புளி அதற்குமேல் ஒன்றும் சேர்க்கவில்லை என்பதே அதன் பொருள். பல சோதனைகளைத் தொகுத்து 2011-ல் வந்த ஆய்வு, போலி மாத்திரையைவிட ஒரு கிலோவுக்கும் குறைவான வேறுபாட்டையே கண்டது.

ஈரல் பாதிப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குடம்புளிச் சாறு உள்ள எடைக்குறைப்பு மாத்திரைகளை உண்டவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலையும் கடும் ஈரல் அழற்சியும் வந்தது பதிவாகியிருக்கிறது. ஹைட்ராக்ஸிகட் என்ற பெயரில் விற்ற பொருட்களை நிறுத்திவிடும்படி 2009 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மக்களை எச்சரித்தபோது, ஓர் இறப்பு உட்பட 23 கடுமையான ஈரல் பாதிப்பு அறிக்கைகள் அதன் கையில் இருந்தன. அந்தப் பொருட்களில் பல சாறுகள் கலந்திருந்ததால் பழி முழுவதையும் ஒன்றின் மீது போட முடியவில்லை. ஆனால் குடம்புளி, பச்சைத் தேயிலைச் சாறு இரண்டிலும் ஒரே மரபணு வகை உடையவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த மரபணு தம்மிடம் இருக்கிறதா என்று யாரும் முன்கூட்டியே சோதித்துக்கொள்வதில்லை.

மீன் குழம்பில் போடும் இரண்டு மூன்று சுளைகளைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். சாறாக அடர்த்தியாக்கி மாதக்கணக்கில் விழுங்குவதுதான் கேள்விக்குரியது.

கள்ளிமுளையான், ஹூடியா இரண்டும் ஒன்றா?

ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த உறவுச் செடிகள், ஒன்றல்ல. கள்ளிமுளையான் நம் கரட்டு நிலங்களிலும் வேலியோரங்களிலும் நான்கு பட்டையோடு முளைத்து நிற்கும் சதைப்பற்றுள்ள செடி. ஆடு மேய்க்கப் போனவர்கள் பச்சையாக ஒடித்துத் தின்றதும், வீட்டில் துவையலாக அரைத்ததும் பழைய வழக்கம். இதன் சாற்றைப் பெங்களூரில் 50 பேருக்கு, நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. இடுப்புச் சுற்றளவிலும் பசி உணர்விலும் குறைவு தெரிந்தது. உடல் எடையில் போலி மாத்திரையோடு ஒப்பிடும்போது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள்.

ஹூடியாவின் வரலாறு இன்னும் கசப்பானது. தென் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் சான் மக்கள் நெடுந்தூர வேட்டையின்போது பசியும் தாகமும் தெரியாமலிருக்க இதை மென்றார்கள். அந்நாட்டின் அரசு அறிவியல் ஆய்வு மன்றம் 1990-களில், சான் மக்களிடம் கேட்காமலேயே இதன் வேதிப்பொருளுக்குக் காப்புரிமை கோரியது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2003-ல்தான் ஆதாயத்தில் பங்கு தரும் உடன்பாடு கையெழுத்தானது. முதலில் ஃபைசரும் பின்னர் யூனிலீவரும் இதைச் சந்தைக்குக் கொண்டுவர முயன்று கைவிட்டன. 2011-ல் வெளியான ஆய்வில் 49 பெண்கள் 15 நாள் பங்கேற்றனர். ஹூடியா சாறு கலந்த தயிர்பானம் அருந்தியவர்கள் உண்ட அளவும் எடையும் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. ஆனால் குமட்டல், வாந்தி, இரத்த அழுத்த உயர்வு, இரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) உயர்வு ஆகியவை அவர்களிடம் அதிகம் காணப்பட்டன. ஒரு சமூகம் வேட்டை நாட்களில் பச்சைத் தண்டை மென்றதும், நகரத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் தினமும் சாற்றை விழுங்குவதும் ஒரே பயன்பாடு அல்ல.

சிறுகுறிஞ்சான் இனிப்பு ஆசையைக் குறைக்குமா?

குறைக்கும், ஆனால் பலரும் வாங்கும் வடிவில் அல்ல. சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே இதன் இலையை மென்ற பிறகு சர்க்கரை மணல்போலச் சப்பென்று இருப்பதால் வந்ததுதான். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு ஏற்பிகளை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை மறைத்துவிடுகின்றன. இந்த விளைவுக்கு இலை நாக்கில் பட வேண்டும். குப்பியில் அடைத்த தூளை நீரோடு விழுங்கிவிட்டு இனிப்பு ஆசை போகவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. மாலை நான்கு மணிக்கு இனிப்புப் பலகாரத்தைத் தேடும் பழக்கம் உள்ளவர், அந்த நேரத்துக்குச் சற்று முன் சிறிது இலைத்தூளை நாவில் வைத்துச் சப்பினால் பயன் தெரியலாம். இது இரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது என்பதால் சர்க்கரை நோய் மருந்து உண்பவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது.

வெந்தயம், இசப்கோல், குளுக்கோமன்னன்: எதை, எவ்வளவு, எப்போது எடுப்பது?

பசியடக்கிகளில் பயன்படுத்தத் தகுந்தவை என்று நான் கருதுவது இவற்றைத்தான்.

வெந்தயத்தில் எடைக்குப் பாதியளவு நார்ச்சத்து இருக்கிறது. 2009-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், உடல் பருமன் உள்ள 18 பேர் காலை உணவோடு 8 கிராம் வெந்தய நாரை உண்டபோது வயிறு நிறைந்த உணர்வு கூடி, பசி குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது அளவு. ஒரு தேக்கரண்டி வெந்தயம் சுமார் 4 கிராம். அதில் நார் சுமார் 2 கிராம்தான். ஆகவே இரவில் ஒரு கரண்டி ஊறவைத்துக் காலையில் விழுங்குவது நல்ல பழக்கமே என்றாலும், ஆய்வில் கண்ட பயனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. வெந்தயக் களி, வெந்தயக் கஞ்சி, உளுந்தோடு வெந்தயத்தைத் தாராளமாகச் சேர்த்து அரைத்த தோசை என்று உணவாகவே உண்டால் அளவும் கூடும், கசப்பும் தெரியாது. திடீரென்று அதிக அளவில் தொடங்கினால் வாயுவும் வயிற்றுப்போக்கும் வரும். ஓரிரு வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

இசப்கோலை மலச்சிக்கலுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உணவுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு தேக்கரண்டி உமியை ஒரு பெரிய குவளை நீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்துவிட்டு, மேலும் ஒரு குவளை நீர் அருந்த வேண்டும்.

குளுக்கோமன்னனுக்கு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்தை ஏற்று ஐரோப்பிய ஒன்றியம், கலோரி குறைத்த உணவோடு சேரும்போது எடைக் குறைப்புக்கு உதவுகிறது என்று சொல்லிக்கொள்ள அனுமதி அளித்திருக்கிறது. ஒரு கிராம் வீதம் மூன்று வேளை, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு குவளை நீரோடு, உணவுக்கு முன் என்பது அதன் நிபந்தனை. கலோரி குறைத்த உணவு என்ற சொல் அந்த அனுமதியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். கொன்ஜாக், நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. அதனால் சேனையிலும் இதே பயன் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது, சேனையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து.

இந்த நார்களை நீரில்லாமல் உலர்ந்த தூளாகவோ மாத்திரையாகவோ விழுங்குவது ஆபத்து. உணவுக்குழாயிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். குளுக்கோமன்னன் மாத்திரைகளை ஆஸ்திரேலியா 1980-களில் தடைசெய்ததற்கு இதுவே காரணம். படுக்கப் போகும் நேரத்தில் எடுக்கக் கூடாது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள் இவற்றைத் தொடவே வேண்டாம்.

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்கிறார்களே?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியில் பொருள் இருக்கிறது, ஆனால் கொள்ளு கொழுப்பை உருக்குவதால் அல்ல. நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதமும் நல்ல அளவு நாரும் உண்டு. அவை இரண்டும் வயிறு நிறைந்த உணர்வை நீட்டிக்கும். கொள்ளு ரசத்தின் தெளிவை மட்டும் குடித்தால் அந்த நன்மையின் பெரும்பகுதி பாத்திரத்திலேயே தங்கிவிடும். சுண்டலாகவோ துவையலாகவோ மசியலாகவோ உண்பதே சரி.

மூலிகையையும் வாழ்க்கைமுறை மாற்றத்தையும் ஒரே நாளில் எப்படிச் சேர்ப்பது?

எது முதலில் என்ற கேள்விக்கு விடை தெளிவு: உணவு, நடை, உறக்கம் மூன்றையும் முதல் நான்கு வாரம் ஒழுங்குபடுத்திவிட்டு, அதன் பிறகும் குறிப்பிட்ட ஒரு நேரத்தில் பசி தாங்க முடியவில்லை என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரே ஒரு மூலிகையைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால், எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்பது ஒருபோதும் தெரியாது.

நம் வீட்டுச் சாப்பாட்டின் குறை, சோறோ இட்லியோ தீயவை என்பதல்ல. தட்டில் அவை மட்டுமே நிறைந்திருப்பதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளின் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. மூன்று வேளையும் அரிசியை நம்பி இருக்கும் வீட்டில் பங்கு இதைவிட மிக அதிகம். அரிசியைக் குறைத்து அந்த இடத்தை வெறுமையாக விட்டால் பசிதான் மிஞ்சும். அங்கே பருப்பு, முட்டை, மீன், சுண்டல், தயிர் ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும். பொரியலைத் தொடுகறியாக இரண்டு கரண்டி வைக்காமல் தட்டின் பாதியாக வைத்து, அதையும் பருப்பையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசியில் உண்பது பசியை அடக்க மிக எளிய வழி. எந்த மாத்திரையைவிடவும் நான் இதை முதலில் பரிந்துரைப்பேன்.

காலையில் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் உண்பவர், இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றலாம். முட்டை உண்ணாதவர் முளைகட்டிய பயறு சேர்க்கலாம். முற்பகல் பசிக்கு உப்புக் குறைத்த நீர்மோர் போதும். மாலை ஐந்து மணி பலருக்கும் ஒழுங்கு குலையும் நேரம்: அலுவலக டீயோடு பஜ்ஜி, வீட்டுக்கு வந்ததும் முறுக்கு. முப்பது கிராம் மிக்சரில் சுமார் 150 கிலோ கலோரி இருக்கிறது, ஒரு கைப்பிடியோடு யாரும் நிறுத்துவதும் இல்லை. இந்த நேரத்துக்குத்தான் மூலிகை பயன்படும்: நாலரை மணிக்கு நீரில் கரைத்த இசப்கோல், ஐந்து மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். இரவு உணவை எட்டு மணிக்குள் முடிப்பது, டீ காபியில் சர்க்கரையைப் பாதியாக்குவது ஆகியவையும் சேரட்டும். நாளுக்கு நான்கு குவளை, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் அதுவே சுமார் 160 கிலோ கலோரி.

எண்ணெயைப் பற்றி ஒரு வரி: ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கிலோ கலோரி இருப்பதால், அளந்து ஊற்றும் பழக்கம் இல்லாத வீட்டில் மற்ற கணக்குகளுக்குப் பொருளில்லை.

நடந்தால் பசி கூடிவிடாதா?

சிலருக்குக் கூடும். அரை மணி நேர வேக நடையில் 70 கிலோ எடையுள்ளவர் செலவழிப்பது சுமார் 120 முதல் 150 கிலோ கலோரிதான். நடந்துவிட்டு ஒரு மெதுவடை தின்றால் கணக்கு நேராகிவிடும். எடையைப் பொறுத்தவரை நடையின் பெரும் பயன், இறங்கிய எடை திரும்ப ஏறாமல் காப்பதிலும் தசையைக் காப்பதிலும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியையும் சொல்கிறது.

எடை இறங்காவிட்டாலும் பயன் உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவையும் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடையில் பெரிய மாற்றம் இல்லை. தராசு முள்ளை மட்டும் பார்த்து மனம் சோர்பவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

உறக்கத்துக்கும் பசிக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்க வைத்துப் பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த நாட்களோடு ஒப்பிடும்போது, போதும் என்று உணர்த்தும் இயக்குநீரான (ஹார்மோன்) லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. இனிப்பும் மாவுப் பண்டங்களும் உண்ணும் ஆசை குறிப்பாக ஏறியது. இரவு ஒரு மணி வரை கைபேசியைப் பார்த்துவிட்டுக் காலையில் பசியடக்கித் தூளைத் தேடுபவர் மருந்தை இடம் மாறித் தேடுகிறார். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு இது எளிதல்ல. அவர்கள் பகல் உறக்கத்தின் நேரத்தையாவது தினமும் ஒன்றாக வைத்துக்கொள்வது நல்லது.

முதல் சில கிலோ இறங்கிய பிறகு பசி முன்னைவிட அதிகமாகிறதே?

அது மனவலிமைக் குறைவு அல்ல. 2011-ல் மெல்போர்னிலிருந்து வெளியான ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களின் பசி இயக்குநீர்கள் ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் இழந்த எடையை மீட்கவே முயன்றுகொண்டிருந்தது. நார்ச்சத்து மூலிகைகளை இந்தக் கட்டத்துக்கு ஒதுக்கி வைப்பது, தொடக்கத்திலேயே எடுப்பதைவிடப் பயனுள்ளது. மிக வேகமாக இறக்காமல், வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் இறக்குவதும் பசியின் கடுமையைத் தணிக்கும்.

யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கருவுற்றவர்கள், கருத்தரிக்க முயல்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், ஈரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் ஆகியோர் பசியடக்கிச் சாறு எதையும் எடுக்கக் கூடாது. உணவைக் குறைப்பதும் வாந்தி எடுப்பதும் பழக்கமாகிவிட்டவர்களுக்குப் பசியடக்கி நஞ்சு போன்றது. அவர்கள் தேட வேண்டியது மனநல மருத்துவரை.

இன்சுலின் போடுபவர்கள் அல்லது சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை உண்பவர்கள் வெந்தயத்தைப் பெரிய அளவிலோ சிறுகுறிஞ்சானையோ சேர்த்தால் தாழ் சர்க்கரை ஏற்படலாம். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு வெந்தயச் சாறு ஒத்துப்போகாது. மனச்சோர்வு மருந்துகளோடு குடம்புளிச் சாறு சேர்ந்து தீங்கு விளைந்த நிகழ்வு பதிவாகியுள்ளது. நார்ச்சத்து வகைகள் மாத்திரைகள் இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு இன்னும் கூடுதலாக இடைவெளி விடுவது நல்லது.

இயற்கையானது என்றால் பக்கவிளைவு இல்லை அல்லவா?

எஃபெட்ரா என்ற சீன மூலிகையும் இயற்கையானதுதான். பசியைக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் பெருமளவில் விற்ற அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் வந்ததால் 2004-ல் அந்நாடு அதைத் தடைசெய்தது. பச்சைத் தேயிலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பதில் கவலை இல்லை; ஆனால் அதன் கேட்டச்சின் வகைப் பொருளை நாளுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் மாத்திரையாக எடுப்பது ஈரல் நொதிகளை உயர்த்துவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கண்டது.

இதைவிடப் பெரிய அபாயம், மூலிகை என்ற பெயரில் வரும் பொட்டலத்துக்குள் மூலிகையே இல்லாமலிருப்பது. சிபுட்ரமின் என்ற பசியடக்கி மருந்து இதயப் பாதிப்பின் காரணமாக 2010-ல் பல நாடுகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, 2011-ல் இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும் "நூறு விழுக்காடு மூலிகை" என்று அச்சிட்ட எடைக்குறைப்புப் பொருட்களில் அது ஒளிந்திருப்பதை ஆய்வகங்கள் தொடர்ந்து கண்டுபிடித்து வருகின்றன. ஒரு மூலிகைத் தூள் இரண்டே நாளில் பசியை அடியோடு போக்கி, வாய் உலர்ந்து, உறக்கம் கெட்டு, இதயம் படபடக்க வைத்தால், அது நன்றாக வேலை செய்கிறது என்று மகிழாமல் உடனே நிறுத்திவிடுங்கள். மூலிகைகள் அவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை.

வாங்கும்போது பொட்டலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

உணவுத் துணைப்பொருளாக விற்றால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்தாக விற்றால் மாநில உரிம அதிகாரி வழங்கிய தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூலிகையின் பெயரும் அளவும் தனித்தனியே குறிக்கப்படாமல் "தனிச்சிறப்புக் கலவை" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் வாங்க வேண்டாம். உரிம எண் இருப்பதே பொருள் பயன் தரும் என்பதற்குச் சான்றாகாது. தவறு நேர்ந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான் அது சான்று. உடல் பருமனைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடுக்கிறது. அந்த நோய்ப்பட்டியலில் பருமனும் இருக்கிறது. "ஒரே மாதத்தில் 10 கிலோ" என்ற சுவரொட்டியைப் பார்க்கும்போது, விற்பவர் சட்டத்தையே மதிக்கவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளலாம்.

எடைக் குறைப்பு ஊசிகளுக்கு மரமஞ்சள் இயற்கை மாற்று என்கிறார்களே?

மரமஞ்சளில் உள்ள பெர்பெரினைப் பற்றிய பேச்சு இது. சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்ட எடைக் குறைவு ஓரிரு கிலோ. செமாகுளுடைடு ஊசியின் முதன்மைச் சோதனையில் 68 வாரங்களில் கண்ட குறைவு உடல் எடையில் சராசரியாகச் சுமார் 15 விழுக்காடு. இரண்டும் ஒரே தரத்தில் வைத்துப் பேசத் தக்கவை அல்ல. பெர்பெரின் பல மருந்துகளின் அளவை இரத்தத்தில் மாற்றக்கூடியது, கருவுற்றவர்களுக்கு ஆகாது. ஊசி வேண்டுமா என்பது மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது.

எவ்வளவு பலனை எதிர்பார்க்கலாம்? எவ்வளவு காலம் எடுக்கலாம்?

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (கிலோவிலுள்ள எடையை மீட்டரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. 23-க்குக் கீழே இருப்பவருக்கு எந்தப் பசியடக்கியும் தேவையில்லை. ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு என்பது நியாயமான இலக்கு. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. அதில் மூலிகையின் பங்கு ஓரிரு கிலோவுக்கு மேல் இருக்காது. உணவாக உண்ணும் வெந்தயத்துக்கும் கொள்ளுக்கும் காலக்கெடு தேவையில்லை. இசப்கோலையோ குளுக்கோமன்னனையோ எட்டு முதல் பன்னிரண்டு வாரம் எடுத்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய பிறகும் பசி கட்டுக்குள் இருந்தால் அது தேவையில்லை.

உணவையும் நடையையும் மூன்று மாதம் ஒழுங்காகப் பின்பற்றியும் எடை அசையாவிட்டால், மூலிகையை மாற்றுவதைவிடத் தைராய்டு சோதனை செய்துகொள்வதும், பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும், உண்டுவரும் ஸ்டீராய்டு அல்லது மனநல மருந்துகளால் எடை ஏறுகிறதா என்று மருத்துவரிடம் கேட்பதும் பயன் தரும்.

எப்போது உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்?

சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, தோல் அரிப்பு, வலது விலாவின் கீழ் வலி, காரணமில்லாத குமட்டலும் களைப்பும் ஆகியவை ஈரல் பாதிப்பின் அறிகுறிகள். நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், வியர்த்துக் கை நடுங்குதல், உணவு தொண்டைக்குக் கீழே நிற்பதுபோன்ற உணர்வு, வயிறு உப்பி மலமும் வாயுவும் போகாமை ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. போகும்போது அந்தக் குப்பியையோ பொட்டலத்தையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டேன் என்று சொன்னால் திட்டுவாரோ என்ற தயக்கத்தில் பலர் இதை மறைத்துவிடுகிறார்கள். அதனால் காரணம் தெரியாமல் சிகிச்சை தாமதமாகிறது.